50,000 கோடி என்றார்கள், சட்டத்துக்குள் அந்தத் தொகை எங்கே இருக்கிறது? (தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் பற்றி)

ஆய்வகச்சாவி (இழையைத் தொடங்கியவர்)

அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம், 2023. ஆராய்ச்சிக்கு நிதி தரும் மத்திய அமைப்பை உருவாக்கிய சட்டம். எல்லாரும் ஏஎன்ஆர்எஃப் என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். 2023 ஆகஸ்ட் 7 அன்று மக்களவை, 9 அன்று மாநிலங்களவை, 12 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல். இவ்வளவு பெரிய விஷயம் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிட்டது. 2024 பிப்ரவரி 5 முதல் நடைமுறைக்கு வந்தது. 2008ஆம் வருடச் சட்டத்தால் வந்து, அதுவரை ஆராய்ச்சித் திட்டங்களுக்கு நிதி தந்துகொண்டிருந்த செர்ப் அமைப்பு இதற்குள் கரைந்துபோனது.

நான் தென்மாவட்டத்தில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறேன். சட்டம் வந்தபோது எங்கள் துறையில் உண்மையான சந்தோஷம் இருந்தது. ஐந்து வருடத்துக்கு 50,000 கோடி என்று அறிவித்தார்கள் இல்லையா? அதற்குப் பிறகு சட்டத்தின் வாசகத்தை எடுத்துப் பொறுமையாகப் படித்தேன். அந்தத் தொகை சட்டப் பிரிவுகளில் இல்லை. நாடாளுமன்றம் ஒதுக்கிய பிறகு மத்திய அரசு மானியம் தரலாம் என்று மட்டும் இருக்கிறது. 50,000 கோடி என்பது அமைச்சரவை அறிவிப்பில் வந்த கணக்கு. அதிலும் அரசின் பங்கு 14,000 கோடி, மீதி 36,000 கோடி பொதுத்துறை நிறுவனங்கள், தனியார் கம்பெனிகள், கொடையாளர்கள், வெளிநாட்டு அமைப்புகள் இவர்களிடமிருந்து வரும் என்ற எதிர்பார்ப்பு. தர வேண்டும் என்ற கடமை அவர்கள் யாருக்கும் கிடையாது.

அடுத்து, யாருக்குப் போகிறது என்ற விஷயம். செர்ப் நிதியில் சுமார் 65 சதவீதம் ஐஐடிகளுக்கும் வெறும் 11 சதவீதம் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் போயிருக்கிறது என்று அறிவியல் துறை அமைச்சரே பேசினார். இந்தச் சட்டம் அதைச் சரிசெய்யும் என்றார்கள். ஆனால் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு இவ்வளவு பங்கு என்று சட்டத்தில் ஒரு வரி இல்லை. ஆட்சிக்குழுவில் பிரதமர் தலைவர், இரண்டு மத்திய அமைச்சர்கள் துணைத் தலைவர்கள், செயலாளர்கள், தொழில்துறையிலிருந்து ஐந்து பேர் வரை, நிபுணர்கள் சிலர். மாநில அரசுகளுக்கென்று ஓர் இடம் இல்லை. நாட்டில் பெரும்பாலான மாணவர்கள் படிப்பது மாநில அரசுகள் நடத்தும் பல்கலைக்கழகங்களிலும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளிலும்தான் என்பதை யோசித்துப் பாருங்கள்.

என் கருத்து இதுதான்: மூன்று விஷயங்கள் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். வருடத்துக்கு அரசு கட்டாயம் தர வேண்டிய குறைந்தபட்சத் தொகை, அனுமதி கிடைத்த எத்தனை நாளில் பணம் கைக்கு வர வேண்டும் என்ற கெடு, மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கான பங்கு. இவை இல்லாமல் அமைப்பின் பெயரை மாற்றி என்ன ஆகப்போகிறது? உங்கள் அனுபவத்தையும் எதிர்க்கருத்தையும் எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை62

சார், முப்பது வருடத்துக்கு மேல் அரசுக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், அதில் கடைசிச் சில வருடம் பல்கலைக்கழக நிதிப் பிரிவில். உங்கள் முதல் கோரிக்கையில் எனக்கு உடன்பாடு இல்லை. எந்தச் சட்டமும் இத்தனை கோடி என்று நிரந்தரமாக எழுதிவைப்பது வழக்கம் இல்லை, வருடா வருடம் பட்ஜெட்டில் மக்களவை ஓட்டுப்போட்டுத்தான் பணம் வெளியே வரும். "தரலாம்" என்ற வாசகம் எல்லா ஆணையச் சட்டத்திலும் இருக்கும் வாசகம்தான், அதை வைத்து ஏமாற்றம் அடைய வேண்டியதில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது பட்ஜெட் புத்தகத்தில் இரண்டு வரிசை. பிப்ரவரியில் போடும் மதிப்பீடு ஒன்று, அடுத்த பிப்ரவரியில் போடும் திருத்திய மதிப்பீடு இன்னொன்று. 2023-24லும் 2024-25லும் இந்த அமைப்புக்கு 2,000 கோடி என்று போட்டார்கள், இரண்டு முறையும் திருத்திய மதிப்பீட்டில் பெரிய வெட்டு. செலவாகவில்லை என்பது அதற்கான காரணம். அமைப்பே சரியாக எழுந்து நிற்காதபோது எப்படிச் செலவாகும்? ஆட்சிக்குழு முதன்முதலாகக் கூடியதே 2024 செப்டம்பர் 10ல்.

கெடு வேண்டும் என்ற இரண்டாவது கோரிக்கைக்கு மட்டும் என் முழு ஆதரவு. அதைப் பிறகு விரிவாக எழுதுகிறேன்.

மூன்றாமாண்டு_ஜேஆர்எஃப்

கெடு என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை சார். 2023 ஜனவரியிலிருந்து ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வாளர் மாத உதவித்தொகை 31,000லிருந்து 37,000 ஆனது, முதுநிலைக்கான எஸ்ஆர்எஃப் 35,000லிருந்து 42,000 ஆனது. தொகை பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. அது மாதாமாதம் வருவதில்லை, அதுதான் பிரச்சினை. ஒரு ப்ரொஜெக்டில் சேர்ந்தேன், முதல் தவணை முடிந்ததும் யூசி (பணத்தைச் செலவழித்ததற்கான சான்றிதழ்) அனுப்பினோம், அதில் ஒரு கையெழுத்து வேறு கட்டத்தில் இருக்கிறது என்று திரும்பி வந்தது, திருத்தி அனுப்புவதற்குள் நிதியாண்டு முடியும் மார்ச் 31 தாண்டிவிட்டது, கணக்கில் மிச்சம் இருந்த பணத்தைத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். அடுத்த தவணை வரும்வரை எனக்கு ஒரு ரூபாய் வரவில்லை. ஹாஸ்டல் மெஸ் பாக்கிக்கு நோட்டீஸ் போர்டில் என் பெயரை ஒட்டினார்கள். அப்பாவிடம் கேட்க முடியாது, தங்கச்சி காலேஜ் பீஸே அவருக்குப் பெரிய பாரம். கைடுதான் தன் கையிலிருந்து கொடுத்தார், அவரும் எத்தனை பேருக்குக் கொடுப்பார்?

என்னோடு சேர்ந்த இரண்டு பேர் விட்டுவிட்டு ஐடி வேலைக்குப் போய்விட்டார்கள். இரண்டு பேரும் என்னைவிட நன்றாக ஆராய்ச்சி பண்ணக்கூடியவர்கள்.

பம்ப்செட்கோவை

அந்தத் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு மனசு கேட்கவில்லை. நான் தொழில்துறைப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

எங்களுடையது சின்ன யூனிட். மோட்டார், பம்பு. பார்ட்னர்ஷிப் கம்பெனி, கோவையில் பாதிப் பேர் அப்படித்தான். ஆராய்ச்சி பண்ணினால் வருமான வரியில் சலுகை என்பார்கள், 35(2ஏபி) பிரிவு. ஒரு காலத்தில் 100 ரூபாய் செலவு செய்தால் 200 ரூபாய் கழித்துக்கொள்ளலாம், அது 150 ஆகி, 2020 ஏப்ரலிலிருந்து 100க்கு வந்துவிட்டது. அதுவும் பதிவு செய்த கம்பெனிகளுக்குத்தான், பார்ட்னர்ஷிப்புக்கு என்றைக்குமே கிடையாது.

2025 ஏப்ரலில் சீனா அரிய மண் காந்தங்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது ஞாபகம் இருக்கும். பிஎல்டிசி மோட்டார் (நிரந்தரக் காந்தம் வைத்த மோட்டார்) பண்ணுகிற எல்லாரும் திணறிப்போனோம். அரிய மண் சேராத ஃபெரைட் காந்தத்தை வைத்தே அதே திறன் வருகிற மாதிரி ரோட்டாரை (மோட்டாரின் சுழலும் பாகம்) மாற்றி வடிவமைக்கலாம் என்று உள்ளூர்க் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வந்து வெள்ளைப் பலகையில் வரைந்தே காட்டினார், காந்தத்தை ஆரக்கால் மாதிரி நிறுத்தி வைத்தால் காந்தப்புலம் எப்படிக் குவியும் என்று. எனக்குப் பிடித்துப்போனது. லேமினேஷன் வெட்ட டை செய்ய வேண்டும், நாலைந்து மாதிரி மோட்டார் சுற்ற வேண்டும், டெஸ்ட் பெஞ்சில் ஓட்டி எபிஷியன்சி பார்க்க வேண்டும், சூடு ஏறினால் காந்தம் பலம் இழக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாங்கள் பாதி போடத் தயார். மீதிப் பாதிக்கு எங்கே போவது?

ஒரு லட்சம் கோடி ஆர்டிஐ (RDI, ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கம்) நிதி என்று 2025 ஜூலை 1 அன்று அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, நவம்பர் 3 அன்று பிரதமர் தொடங்கி வைத்தார். அதுவும் இந்த ஏஎன்ஆர்எஃப் வழியாகத்தான் வருகிறது. விசாரித்தேன். அது மானியம் இல்லை, குறைந்த வட்டியில் நீண்ட காலக் கடன் அல்லது பங்கு முதலீடு. நேராக நமக்கு வராது, நடுவில் நிதி மேலாளர்கள் இருப்பார்கள், அவர்கள் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். தொழில்நுட்ப முதிர்ச்சி நிலை 4 அல்லது அதற்கு மேலே இருக்க வேண்டும், அதாவது ஆய்வகத்தில் வேலை செய்து காட்டியிருக்க வேண்டும். பேராசிரியரின் பலகையிலிருந்து அந்த 4 வரைக்கும் கொண்டுவரத்தான் எங்களுக்குக் காசு தேவை!

கேள்விக்காரன்_திருச்சி

கேட்கிறேன் என்று கோபப்படாதீர்கள். எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கெமிஸ்ட்ரி லேப் இருக்கிறது, தண்ணீர் வராது. அங்கே கொடுக்காமல் பேராசிரியர்களுக்கு ஏன் கோடிகள்? பேப்பர் போடுகிறார்கள், பதவி உயர்வு வாங்குகிறார்கள், அதோடு முடிந்துபோகிறது. இந்த ஆராய்ச்சியால் சாதாரண ஜனத்துக்கு என்ன கிடைத்தது என்று ஒரு உதாரணம் சொல்லுங்கள், நானும் உங்கள் பக்கம் வருகிறேன்.

ஆய்வகச்சாவி

நியாயமான கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன்.

உங்கள் ஊரைச் சுற்றி, லால்குடிப் பக்கம், காவிரிக் கரையில் கரும்பு பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் பல வருடமாக அதிகப் பரப்பில் நிற்பது கோ 86032 என்ற ரகம். கோவையில் 1912ல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் உருவானது. பெயரில் இருக்கிற 86 என்பது வருடம், 1986. அந்த எண் கிடைத்த பிறகு எத்தனையோ இடங்களில் நட்டு, மறுதாம்பு விட்டு, சர்க்கரைச் சத்து அளந்து, நோய் பார்த்து, விவசாயிக்கு முறைப்படி வெளியிட்டது 2000ல். நடுவில் பதினான்கு வருடம். அந்தப் பதினான்கு வருடமும் யாரோ ஒருவருக்குச் சம்பளம் தவறாமல் போயிருக்கிறது, வயலுக்குத் தண்ணீர் பாய்ந்திருக்கிறது. நடுவில் இரண்டு வருடம் நிதி இல்லை என்று நிறுத்தியிருந்தால் அந்த நாற்றுகள் அழிந்திருக்கும், மறுபடி முதலிலிருந்துதான். நான் கெடு கெடு என்று கேட்பது இதற்காகத்தான்.

பள்ளிக்கா ஆராய்ச்சிக்கா என்ற போட்டியே வேண்டாம் என்பேன், இரண்டுக்கும் சேர்த்துக் கொடுக்கிற அளவுக்கு நாம் செலவே செய்யவில்லை. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்கு இந்தியா செலவழிப்பது 0.64 சதவீதம் (2020-21 கணக்கு, சுமார் 1.27 லட்சம் கோடி). சீனா 2.4ஐத் தாண்டிவிட்டது, தென் கொரியா 5ஐ ஒட்டி இருக்கிறது. அந்த நாடுகளில் முக்கால் பங்குக்கு மேல் கம்பெனிகள் செய்கிற செலவு. இங்கே தனியார் பங்கு 36 சதவீதம்தான். இப்படிப்பட்ட இடத்தில் "36,000 கோடி வெளியிலிருந்து வரும்" என்று திட்டம் போட்டால் அது எங்கிருந்து வரும் என்று கேட்கத்தானே வேண்டும்? கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் சிஎஸ்ஆர் பணம் வரலாம் என்கிறார்கள். லாபத்தில் 2 சதவீதம் என்ற கணக்கில் அந்தப் பணம் ஏற்கெனவே பள்ளிக்கூடம், மருத்துவமனை, குளம் தூர்வாருவது என்று போய்க்கொண்டிருக்கிறது. அதை இங்கே திருப்பினால் உங்கள் பள்ளி லேப்புக்குத் தண்ணீர் வருவது இன்னும் தள்ளிப்போகும்.

அப்புறம் எங்கள் துறைக் கதை ஒன்று. பொடியின் படிக அமைப்பை எக்ஸ்ரே கொண்டு அளக்கும் எக்ஸ்ஆர்டி இயந்திரம் ஒன்று இருக்கிறது, ஒரு பெரிய திட்டத்தில் வாங்கியது. அதில் எக்ஸ்ரே குழாயைக் குளிர்விக்கத் தண்ணீர் சுற்றும் சில்லர் என்ற பெட்டி உண்டு. அது நின்றால் இயந்திரமும் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். திட்டம் முடிந்தது, சில்லர் பம்பு போனது. புது இயந்திரம் வாங்கத் திட்டம் எழுதலாம், ஆனால் பழைய இயந்திரத்தின் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் கேட்க எந்தத் தலைப்பும் இல்லை. பிள்ளைகள் பொடியைச் சின்னச் சின்னக் குப்பியில் அடைத்து, மேலே மார்க்கரில் எண் போட்டு, பஸ் ஏறிக் காரைக்குடி மின்வேதியியல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கட்டணம் கட்டி அளந்துவருகிறார்கள். எங்கள் இயந்திரம் உறை போட்டு மூடியபடி நிற்கிறது.

கேள்விக்காரன்_திருச்சி

கரும்பு விஷயம் தெரியாது சார். எங்கள் மாமா வயலில் அந்த 032தான் இருக்கிறது. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேப்பருக்காகப் பேப்பர் போடுகிறவர்கள் விஷயத்தை விட்டுவிடாதீர்கள்.

பாஸ்டன்மழை

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் கும்பகோணம். கணக்குப்பிள்ளை ஐயா தொகையைச் சட்டத்தில் எழுத முடியாது என்கிறார், இங்கே ஒரே சட்டத்தில் இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

2022 ஆகஸ்ட் 9ல் சிப்ஸ் அண்ட் சயன்ஸ் சட்டம் கையெழுத்தானது. அதில் சிப் பகுதிக்கு 5,270 கோடி டாலரைச் சட்டத்திலேயே ஒதுக்கிவிட்டார்கள், அதில் 3,900 கோடி தொழிற்சாலைகளுக்கான ஊக்கத்தொகை. அந்தப் பணம் உண்மையாகவே வந்தது, அரிசோனாவில் தைவான் கம்பெனியின் ஆலை எழுந்து நிற்கிறது. அதே சட்டத்தின் அறிவியல் பகுதியில் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு ஐந்து வருடத்தில் சுமார் 8,100 கோடி டாலர் வரை தரலாம் என்று அனுமதி மட்டும் கொடுத்தார்கள், ஒதுக்கீடு வருடா வருடம் பட்ஜெட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். என்ன நடந்தது? 2024 நிதியாண்டில் அனுமதித்த அளவு 1,560 கோடிக்கு மேல், கைக்கு வந்தது 906 கோடி. முந்தைய வருடத்தைவிடவும் குறைவு.

ஒரே சட்டம், ஒரே கையெழுத்து. பணத்தைச் சட்டத்துக்குள் வைத்த பாதி நடந்தது, வெளியே வைத்த பாதி அந்தரத்தில் நின்றது. ஆய்வகச்சாவி கேட்பதில் தப்பே இல்லை.

இன்னொன்றும் உண்டு. இங்கே மானியத்தோடு சேர்த்துப் பல்கலைக்கழகத்துக்கு மேற்செலவு என்று கணிசமான பங்கு தருகிறார்கள், இயந்திரப் பராமரிப்பு, மின்சாரம், அலுவலகச் செலவு எல்லாம் அதிலிருந்து போகிறது. அந்தச் சில்லர் கதை இங்கே நடந்திருந்தால் அந்தப் பணத்தில்தான் சரிசெய்திருப்பார்கள். ஆனால் 2025லிருந்து அதையும் வெட்டப் பார்க்கிறார்கள், நிறைய மானியங்களை நடுவிலேயே ரத்து செய்தார்கள், வழக்குகள் நடக்கின்றன. அதனால் அமெரிக்காவைப் பார்த்து அப்படியே செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கணக்குப்பிள்ளை62

நல்ல தகவல், நன்றி தம்பி. ஆனாலும் நம் ஊர் முறையில் என்ன சாத்தியம் என்று பார்ப்போம். தொகையை எழுதவைக்க நாம் போராடினால் நிதித்துறை ஒருபோதும் சம்மதிக்காது. நாள் கெடுவை எழுதவைக்க முடியும், அதற்கு முன்னுதாரணம் நம்மிடமே இருக்கிறது. 2005ல் வந்த வேலை உறுதிச் சட்டத்தில் வேலை முடிந்து 15 நாளுக்குள் கூலி தர வேண்டும் என்று எழுதினார்கள், தாமதமானால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் ஈட்டுத்தொகை என்றும் விதித்தார்கள். நடைமுறையில் ஓட்டை உடைசல் ஆயிரம், எனக்குத் தெரியும். ஆனால் சட்டத்தில் எழுதியிருந்ததால்தான் ஜனங்கள் கோர்ட்டுக்குப் போக முடிந்தது. அந்த ஜேஆர்எஃப் தம்பி இன்றைக்கு எதை வைத்துக் கோர்ட்டுக்குப் போவார்?

கொள்முதல் விஷயத்தையும் யாரும் தொடவில்லை. 2025 ஜூனில் மத்திய நிதி விதிகளைத் தளர்த்தினார்கள். கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சம், பர்சேஸ் கமிட்டி மூலம் 10 லட்சம் வரை என்றிருந்தது 25 லட்சம், அரசுக் கொள்முதல் தளமான ஜெம் போர்டலுக்கு வெளியே வாங்கவும் 200 கோடி வரை உலக டெண்டர் விடவும் இயக்குநருக்கும் துணைவேந்தருக்கும் அதிகாரம். நல்ல மாற்றம், ரொம்ப வருடமாக விஞ்ஞானிகள் கேட்டது. ஆனால் தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகம் 1998ஆம் வருட டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தையும் பார்க்க வேண்டும், ஆடிட் அதைத்தான் கேட்கும். அதோடு, துணைவேந்தருக்கு அதிகாரம் என்றால் துணைவேந்தர் இருக்க வேண்டும். இங்கே எத்தனை பல்கலைக்கழகங்கள் துணைவேந்தர் இல்லாமல் பொறுப்புக் குழுவை வைத்து ஓடியது என்று எல்லாருக்கும் தெரியும். டெல்லியில் ஒரு சட்டத்தைத் திருத்தி இது தீராது, சென்னையிலும் வேலை இருக்கிறது.

பம்ப்செட்கோவை

ஐயா சொன்ன கெடுவுக்கு எங்கள் பக்கமும் ஒரு முன்னுதாரணம் உண்டு. 2006ஆம் வருடச் சிறு குறு நடுத்தரத் தொழில் சட்டம். எங்களிடம் சரக்கு வாங்கினால் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அதைக் காட்டித்தான் பெரிய கம்பெனிகளிடம் கொஞ்சமாவது பேச முடிகிறது. காஸ்டிங் சப்ளை பண்ணுகிறவனுக்கு 45 நாள் உரிமை இருக்கிறது, ஆராய்ச்சி பண்ணுகிற பையனுக்கு ஏன் இல்லை?

மூன்றாமாண்டு_ஜேஆர்எஃப்

ஐயா, ஒரு சந்தேகம். ஏஎன்ஆர்எஃப் பணத்தைச் சரியான நேரத்தில் அனுப்பி, அது எங்கள் பல்கலைக்கழக நிதி அலுவலகத்தில் கோப்பாகக் கிடந்தால் கெடு யாருக்கு? எங்கள் விஷயத்தில் தாமதத்தில் பாதி அங்கேதான்.

கணக்குப்பிள்ளை62

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். இரண்டு கெடு வேண்டும். அனுமதி ஆணையிலிருந்து பல்கலைக்கழகக் கணக்குக்கு ஒன்று, அங்கிருந்து மாணவர் கணக்குக்கு இன்னொன்று. உதவித்தொகையை மட்டும் நேரடியாக மாணவர் வங்கிக் கணக்குக்கே அனுப்பிவிடலாம், அதற்கான வழி அரசிடம் இருக்கிறது. உபகரணப் பணம் பல்கலைக்கழகம் வழியாகத்தான் வர முடியும், ஆடிட் அங்கே.

ஆய்வகச்சாவி

அப்படியானால் பேச்சோடு விடாமல் ஒரு வேலை செய்வோம். நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க உறுப்பினர் குறைந்தது 15 நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த கூட்டத்தொடருக்கு முன்னால் அவரவர் தொகுதி எம்பியிடம் ஒரே கேள்வியைக் கொடுக்கலாம். நான் போட்ட வரைவு இது:

"சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் முதல் ஏஎன்ஆர்எஃப் அனுமதித்த ஒவ்வொரு திட்டத்துக்கும் அனுமதி நாள், ஒவ்வொரு தவணையும் விடுவிக்கப்பட்ட நாள், நிறுவனத்தின் வகை (மத்திய, மாநில, தனியார்) ஆகியவற்றை அரசு அவையில் வைக்குமா? அரசு அல்லாத வழிகளில் இதுவரை எவ்வளவு நிதி வந்துள்ளது, யாரிடமிருந்து? மாநிலப் பல்கலைக்கழகங்களின் பங்கு எவ்வளவு?"

தொகைக் கோரிக்கையை நான் விட்டுவிடவில்லை, பாஸ்டன் நண்பர் சொன்ன பிறகு அதில் இன்னும் உறுதியாகிவிட்டேன். ஆனால் முதலில் இந்த விவரம் வெளியே வரட்டும்.

கணக்குப்பிள்ளை62

வரைவு நன்றாக இருக்கிறது, ஒரு திருத்தம். "ஒவ்வொரு திட்டத்துக்கும்" என்று கேட்டால் விவரம் திரட்டப்படுகிறது என்று ஒற்றை வரியில் பதில் வந்துவிடும். "மாநில வாரியாக, வருட வாரியாக, அனுமதிக்கும் முதல் தவணைக்கும் இடையிலான சராசரி நாட்கள்" என்று மாற்றுங்கள். கணினியில் இருக்கிற விவரம், தர முடியாது என்று சொல்ல முடியாது. ஆங்கில வரைவை நான் தயார் செய்து ஞாயிற்றுக்கிழமை இங்கேயே போடுகிறேன்.

பம்ப்செட்கோவை

கோவை எம்பி அலுவலகத்துக்கு நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஆர்டிஐ நிதியில் சிறு தொழில்களுக்கு இதுவரை எத்தனை கடன் போயிருக்கிறது என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்.